துணைக்கு ஆள் இல்லாத நாட்களில் மேசைப்பந்து: கருவிகளோடு தனியாகப் பழகும் முழு வழிகாட்டி

மேசைப்பந்து ஆட இரண்டு பேர் வேண்டும். சிங்கப்பூரில் அந்த இரண்டாவது ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. எனக்கு ஷிப்டு வேலை. சனிக்கிழமை காலை சமூக மன்றத்தில் சேரும் நண்பர்களில் ஒருவருக்கு ஓவர்டைம் வந்துவிடும், ஒருவர் பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும், இன்னொருவர் ஜொகூர் பாருவுக்குப் போயிருப்பார். அப்படிப்பட்ட வாரங்களில் சும்மா இருக்க மனமில்லாமல்தான் தனியாகப் பழகத் தொடங்கினேன். இப்போது ஆள் கிடைத்தாலும் வாரத்தில் இரண்டு நாள் தனியாகப் பழகுவதை நான் விடுவதில்லை.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியாகப் பழகினால் சர்வ் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) வளரும், அடியின் வடிவம் வளரும், கால்கள் வளரும். எதிராளியின் மட்டையைப் பார்த்து, வரும் பந்தில் என்ன சுழல் இருக்கிறது என்று கணிக்கும் திறமை மட்டும் வளராது. அதற்கு ஆள்தான் வேண்டும். அப்புறம், எந்தக் கருவியாக இருந்தாலும் அது திருப்பித் தரும் பந்து, மனிதர் தரும் பந்து மாதிரி இருக்காது. எந்தக் கருவி எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று தெரியாமல் பழகினால், அந்தக் கருவியோடு ஆடுவதில் மட்டும் கெட்டிக்காரர் ஆவோம். இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

படி 1: இடத்தை முடிவு செய்யுங்கள்

முழு மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர். நீங்கள் நின்று ஆட மேசைக்குப் பின்னால் இன்னும் இரண்டு மீட்டராவது வேண்டும். நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் சோபாவும் டிவியும் போக மிச்சம் இருக்கும் இடத்தில் இது நடக்காது. வீட்டு வாசலில் பொது நடைபாதை இருக்கிறதே என்று அங்கே மேசையை வைக்காதீர்கள். தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் ஓடுவதற்கு 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

அதனால் நமக்கு இருப்பது மூன்று இடங்கள். வீடு, புளோக்கின் கீழ்த்தளம், சமூக மன்றம் அல்லது விளையாட்டு மண்டபம்.

வீட்டில் மேசை இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய உண்டு. சத்தம்தான் பிரச்சினை. டைல்ஸ் தரையில் பந்து விழும் ஓசை கீழ்வீட்டில் எப்படிக் கேட்கும் என்பது நமக்குத் தெரிவதில்லை. எங்கள் கீழ்வீட்டு அக்கா ஒருநாள் லிஃப்டில் பார்த்து, "ஏன் தம்பி, ராத்திரி பத்தரைக்கு உங்க வீட்டுல யாரு கோலி விளையாடுறது?" என்று கேட்டார். அன்று முதல் இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டில் பந்தைத் தொடுவதில்லை. பிள்ளைகள் விளையாடும் ரப்பர்நுரை விரிப்புத் துண்டுகளைத் தரையில் கோத்துப் போட்டால் சத்தம் பெருமளவு அடங்கும். பந்தும் கட்டிலுக்கு அடியில் ஓடாது.

கீழ்த்தளத்தில் மேசை போட்டிருக்கும் புளோக்குகள் பல இருக்கின்றன. காசில்லை, முன்பதிவும் இல்லை. ஆனால் காற்று இருக்கிறது. பந்தின் எடை வெறும் 2.7 கிராம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் குட்டையான சர்வ் ஒன்று வலையைத் தாண்டியதும் பக்கவாட்டில் விலகிப்போவதை நீங்களே பார்க்கலாம். காற்று அடங்கியிருக்கும் விடிகாலைதான் அங்கே நல்ல நேரம். வலை பெரும்பாலும் கிழிந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. எந்த மேசையிலும் கவ்விக்கொள்ளும், இழுத்து விரிக்கும் வலை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக் கடைகளில் கிடைக்கிறது, வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் பொருந்தும். காலையில் அங்கே ஆட வரும் அங்கிள்கள் வந்துவிட்டால் மேசையை விட்டுக்கொடுங்கள். "வாங்க அங்கிள், நீங்க ஆடுங்க" என்று ஒதுங்கி நின்றால், கொஞ்ச நேரத்தில் அவர்களே உங்களையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். எனக்குக் கிடைத்த நல்ல எதிராளிகளில் இருவர் அப்படிக் கிடைத்தவர்கள்.

பந்தைத் தானாக அனுப்பும் ரோபோவோ, நாம் அடித்த பந்தைத் திருப்பித் தரும் திருப்பிப் பலகையோ பயன்படுத்த உள்ளரங்கம் வேண்டும். சமூக மன்ற மேசைகளை மக்கள் கழகத்தின் ஒன்பிஏ செயலியிலும், விளையாட்டு மண்டப மேசைகளை மைஆக்டிவ்எஸ்ஜி+ செயலியிலும் பதிவு செய்யலாம். வார நாட்களில் பகல் நேரம் எளிதாகக் கிடைக்கும். ஷிப்டு வேலைக்காரர்களுக்கு இது ஒரு வரம். ரோபோ கொண்டுபோவதாக இருந்தால் முகப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்செருகி எந்தச் சுவரில் இருக்கிறது என்றும் பார்த்துவையுங்கள்.

படி 2: மட்டை, பந்து, நம் ஊர் ஈரக்காற்று

மட்டைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சனிக்கிழமை நண்பர்களோடு எந்த மட்டையில் ஆடுகிறீர்களோ அதிலேயே பழகுங்கள். பயிற்சிக்கென்று பழைய, வழவழத்துப்போன மட்டையை எடுத்தால் கை வேறு கோணத்தைக் கற்றுக்கொண்டுவிடும்.

பந்துதான் முக்கியம். மூன்று பந்தை வைத்துக்கொண்டு தனியாகப் பழகினால் பாதி நேரம் குனிந்து பொறுக்குவதிலேயே போய்விடும். சர்வுக்குக் குறைந்தது 40 பந்து, ரோபோவுக்கு 100 வேண்டும். போட்டித் தரமான மூன்று நட்சத்திரப் பந்து வாங்கத் தேவையில்லை. மொத்தமாக விற்கும் பயிற்சிப் பந்தே போதும், 40 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பந்தாக மட்டும் இருக்கட்டும். 2014இல்தான் போட்டிகளுக்குப் பிளாஸ்டிக் பந்து வந்தது. அதற்கு முன்பிருந்த செல்லுலாய்ட் பந்துகள் அலமாரியில் கிடந்தால் அவற்றைக் கலக்காதீர்கள். எழும்பும் விதமும் சுழலும் விதமும் வேறு.

புதுப் பந்துகளின் மேல் மெல்லிய தூள் படிந்திருக்கும். அது ரப்பரில் ஒட்டினால் சுழல் ஏறாது, ரோபோவின் சக்கரத்தில் ஒட்டினால் பந்து வழுக்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் விழும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு அலசி, துண்டில் பரப்பிக் காயவிடுங்கள்.

நம் ஊர்க் காற்றின் ஈரம் ரப்பர்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். ஏசி உள்ள பேருந்திலிருந்து இறங்கி நேராகக் கீழ்த்தளத்துக்கு வந்து மட்டையை வெளியே எடுத்தால், மூக்குக் கண்ணாடி மங்குவது போல ரப்பரும் மங்கும். முதல் பத்து நிமிடம் பந்து வழுக்கினால் உங்கள் அடியைக் குறை சொல்லாதீர்கள். மட்டையை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, மெல்லிய துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 3: மேசைக்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் பந்துப் பழக்கம். மட்டையின் ஒரு பக்கத்தில் தட்டுங்கள், பிறகு மறுபக்கம், பிறகு மாற்றி மாற்றி. 50 வந்ததும் நடந்துகொண்டே தட்டுங்கள். அப்புறம் பந்தை மேலே எறிந்து, விழும்போது அதன் அடியை உரசிச் சுழற்றி, சுழலும் பந்தை மட்டையிலேயே ஏந்திப் பிடிக்கப் பாருங்கள். உரசல் எவ்வளவு மெல்லியது என்பது விரல்களுக்குப் புரிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சுவர்ப் பயிற்சி: சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, பந்து தரையில் விழாமல் பேக்ஹேண்டில் (புறங்கை முன்னே வரும் அடி) மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள். கை வேகத்துக்கு நல்லது, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரில் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது நிழல் பயிற்சி. பந்து இல்லாமல், கண்ணாடி முன் நின்று அடியின் வடிவத்தை மட்டும் செய்வது. பலர் இதைச் சலிப்பென்று விட்டுவிடுகிறார்கள். கருவிகளிலேயே விலை இல்லாத கருவி கண்ணாடிதான், அது பொய்யும் சொல்லாது. கண்ணாடியில் கையைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னே வரும்) அடியில் இடுப்பு திரும்பி, எடை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறுகிறதா? (இடதுகைக்காரர்களுக்கு இது எதிர்ப்புறம்.) கை மட்டும் வீசுகிறதென்றால் அது அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு கால்களைச் சேருங்கள். தரையில் இரண்டு செருப்புகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒன்றின் பின்னால் பேக்ஹேண்ட், பக்கவாட்டில் துள்ளி மற்றதன் பின்னால் ஃபோர்ஹேண்ட். 30 வினாடி செய்து 30 வினாடி ஓய்வு, ஆறு முறை. கால்களைக் குறுக்கே போடாமல் இரண்டையும் சேர்த்து நகர்த்த வேண்டும். இது எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க ஆசையாக இருந்தால், 2022 முதல் இங்கே நடக்கும் சிங்கப்பூர் ஸ்மாஷ் போட்டிக்கு ஒருநாள் போய் வாருங்கள். ஒரு ஆட்டம் முழுக்கப் பந்தைப் பார்க்காமல் ஒரே வீரரின் கால்களை மட்டும் பாருங்கள். அடிக்கும் நேரத்தைவிட, அடுத்த பந்துக்காக இடத்துக்குத் திரும்பும் நேரம்தான் அதிகம் என்பது புரியும். தொலைக்காட்சியில் கால்கள் பாதி நேரம் மேசைக்குப் பின்னால் மறைந்துவிடும்.

படி 4: சர்வ். தனிப் பயிற்சியின் இதயம் இதுதான்

உங்களிடம் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, ஒரு கருவியும் இல்லை என்றால் அந்த ஒரு மணி நேரத்தையும் சர்வுக்கே கொடுங்கள். எதிராளியின் பந்தை நம்பியிராத ஒரே அடி இதுதான். தனியாகப் பழகினாலும் இதில் எதுவும் குறைவதில்லை. 2001 முதல் ஆட்டம் 11 புள்ளிக்கு, இரண்டிரண்டு சர்வாக மாறி மாறி நடக்கிறது. அதாவது ஆட்டத்தின் பாதிப் புள்ளிகள் உங்கள் கையில் இருந்துதான் தொடங்குகின்றன. 2008 பெய்ச்சிங் ஒலிம்பிக்கில் நம் பெண்கள் குழு வெள்ளி வென்றபோது அத்தனை பேரும் புகழ்ந்தது நீண்ட அடிகளைத்தான். என் கண்ணுக்கு, பல புள்ளிகள் சர்விலும் அதற்கடுத்த அடியிலும் முடிந்தன.

முதலில் விதியைக் கையில் பதியுங்கள். தனியாக இருக்கும்போது தப்பு என்று கைதூக்க யாரும் இல்லை. பந்து விரித்த உள்ளங்கையில் இருக்க வேண்டும். மேசை மட்டத்துக்கு மேலே, கடைக்கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஏறக்குறைய நேராக மேலே குறைந்தது 16 சென்டிமீட்டர் எறிந்து, அது இறங்கும்போதுதான் அடிக்க வேண்டும். வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர். வலையைவிடச் சற்று அதிகம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் கண்ணிலிருந்து பந்தை உடலாலோ கையாலோ மறைக்கவும் கூடாது. போனைப் பக்கவாட்டில் நிறுத்தி ஸ்லோமோஷனில் பத்து சர்வ் எடுத்துப் பாருங்கள். நான் எடுத்துப் பார்த்தபோது பத்தில் நான்கில் பந்து மேசை மட்டத்துக்குக் கீழே இருந்தது. நண்பர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அடுத்து பேக்ஸ்பின் சர்வ், அதாவது பந்து பின்னோக்கிச் சுழலும் சர்வ். இதை மூன்று கட்டமாகக் கட்டுங்கள்.

முதல் கட்டம் வீட்டுத் தரையில். மட்டையின் முகத்தை ஏறக்குறைய வானம் பார்த்து வைத்து, விழும் பந்தின் அடியை முன்னோக்கி மெல்ல உரசுங்கள். பந்து முன்னால் போய்த் தரையில் குதித்து, நின்று, உங்கள் காலடிக்கே உருண்டு வர வேண்டும். நேராகத் திரும்பினால் சுத்தமான பேக்ஸ்பின். வளைந்து இடமோ வலமோ போனால் மணிக்கட்டு பக்கவாட்டில் இழுக்கிறது. என் மகளுக்கு எட்டு வயதில் இதைச் சொல்லிக்கொடுத்தேன். பந்து திரும்பி வருவதைப் பார்த்து அவள் கூச்சலிட்ட மாதிரி நீங்களும் ஒரு நிமிடம் மகிழலாம்.

இரண்டாவது கட்டம் மேசையில், ஆனால் வலைக்கு அருகில் பக்கவாட்டில் நின்று. உங்கள் பக்கம் குத்தாமல் நேரே மறுபாதியில் விழச் செய்து, பந்து வலைப்பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பத் தொடங்கியதும் அரை அடி அரை அடியாகப் பின்னால் வாருங்கள்.

மூன்றாவது கட்டம் முழு சர்வ். பந்தைத் தாழ்வான இடத்தில், வலை உயரத்தை ஒட்டித் தொடுங்கள். உங்கள் பாதியின் நடுவில் முதல் குத்து. எதிர்ப்பக்கம் போன பந்தை யாரும் தொடாவிட்டால் அது அங்கேயே இரண்டாவது முறையும் குத்த வேண்டும். நன்றாகச் சுழன்றால் வலையை நோக்கித் திரும்பியே வரும். மட்டையின் நுனிப்பக்கம் பந்து பட்டால் சுழல் அதிகம், ஏனென்றால் அந்த இடம்தான் வேகமாக நகர்கிறது. இது கைவந்த பிறகு, அதே அசைவில் கைப்பிடிக்கு அருகில் பந்தைப் பட வையுங்கள். சுழல் ஏறக்குறைய இல்லாத பந்து கிடைக்கும். எதிராளி பேக்ஸ்பின் என்று நினைத்துத் தூக்குவார், பந்து உயரமாக வந்து உங்கள் முன் நிற்கும். ஒரே அசைவில் இரண்டு பந்து என்பது ஐந்து வகை சர்வ் தெரிந்திருப்பதைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு உதவும் கருவிகள் மூன்றும் கைக்காசில் முடியும். ஒன்று, அழியாத மார்க்கர் பேனா. பந்தின் நடுவைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு மேலும் கீழும் ஓடும் திசையில் நிற்கும்படி உள்ளங்கையில் வையுங்கள். உரசல் சரியாக இருந்தால் பறக்கும்போதும் கோடு அசையாமல் ஒரே வளையமாகத் தெரியும். பக்கச் சுழல் கலந்தால் வளையம் தள்ளாடும். இரண்டு, ஏ4 தாள். எதிர்ப்பக்கத்தின் மூலைகளில் ஒட்டி இலக்காக வையுங்கள். மூன்று, இறைச்சி கோக்கும் இரண்டு சாத்தே குச்சி, ஒரு நூல். குச்சிகளை வலைத்தூண்களில் ரப்பர் பேண்டால் கட்டி, வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நூலை இழுத்துவிடுங்கள். சர்வ் அந்த நூலுக்கும் வலைக்கும் நடுவே போக வேண்டும். தாழ்வு என்றால் என்ன என்று எனக்கு இந்த நூல்தான் கற்றுக்கொடுத்தது.

நீண்ட வேகமான சர்வுக்கு முதல் குத்து உங்கள் கடைக்கோட்டிலிருந்து ஒரு சாணுக்குள் விழ வேண்டும். அப்போதுதான் வலையைத் தாழ்வாகக் கடந்து மறுகோடியில் இறங்கும் அளவுக்குப் பந்துக்குத் தூரம் கிடைக்கும்.

ஒரு இலக்குக்குப் பத்துப் பந்தில் ஏழு சரியாக விழும்வரை அடுத்த இலக்குக்குப் போகாதீர்கள். ஒரு தடவைக்கு 80, 100 சர்வ் போதும், அதற்கு மேல் கை போடும், மனம் போடாது. இன்னொன்று, இதைக் கட்டாயமாகச் செய்யுங்கள்: ஒவ்வொரு சர்வுக்குப் பிறகும் உடனே ஆயத்த நிலைக்குத் திரும்பி, வரப்போகும் பந்துக்கு ஒரு நிழல் அடி அடியுங்கள். சர்வ் போட்டுவிட்டு அது எங்கே விழுகிறது என்று நின்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், ஆட்டத்திலும் அப்படியே நிற்போம்.

படி 5: குச்சியில் சுழலும் பந்து

வளையும் தண்டின் நுனியில் பந்து அல்லது சக்கரம் பொருத்திய கருவி. ஐம்பது சிங்கப்பூர் வெள்ளிக்குக் கீழே கிடைக்கும், வீட்டு மேசையில் கிளாம்ப் போட்டு நிறுத்தலாம். டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழற்றும்) உரசலைக் கைக்குக் காட்ட நல்ல பொருள். தட்டினால் தண்டு வளையும், உரசினால் பந்து சுழலும், இந்த வேறுபாடு அந்த நொடியே தெரிந்துவிடும்.

இதன் குறை பெரிது. பந்து எப்போதும் ஒரே இடத்தில் காத்திருக்கிறது. உண்மையில் எந்தப் பந்தும் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதுவும் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு எட்டு நகர்ந்து வந்து அடிப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

படி 6: மடித்த மேசையும் திருப்பிப் பலகையும்

சில மேசைகளில் ஒரு பாதியைச் செங்குத்தாக நிமிர்த்தி வைக்கலாம். நீங்கள் அடிக்கும் பந்து அதில் பட்டுத் திரும்பும். பார்க்க எளிது, ஆனால் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொள்ளாமல் இதில் நிற்காதீர்கள்.

முதலாவது நேரம். எதிராளி மேசையின் மறுகோடிக்கு அப்பால் நிற்பார். பலகையோ வலை இருக்கும் இடத்தில் நிற்கிறது. பந்து பாதித் தூரத்திலேயே திரும்பிவிடுவதால், உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் பாதிக்குக் குறைந்துவிடும். முழு வேகத்தில் அடித்தால் அடுத்த அடியை அரைகுறையாகத்தான் அடிக்க முடியும். அதனால் இங்கே குட்டையான பேக்ஹேண்ட் அடி, பிளாக் (வரும் பந்தை மட்டையால் தடுத்துத் திருப்புவது) இவற்றை மட்டும் பழகுங்கள்.

இரண்டாவது சுழல். டாப்ஸ்பின் பந்தின் முன்முகம் கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அது செங்குத்துப் பலகையில் படும்போது, உராய்வு பந்தை மேலே தள்ளும். அதனால்தான் லூப் (பலத்த டாப்ஸ்பின் அடி) அடித்த பந்து பலகையில் பட்டு எகிறி வருகிறது. வழவழப்பான பலகை சுழலின் ஒரு பகுதியைத்தான் தின்னும். மிச்சச் சுழல் அதே திசையில் சுற்றிக்கொண்டிருக்க, பந்தின் போக்கு மட்டும் எதிர்த்திசைக்கு மாறுகிறது. ஆக, உங்கள் டாப்ஸ்பின் உங்களிடம் திரும்பும்போது லேசான பேக்ஸ்பின்னாகவோ செத்த பந்தாகவோ இருக்கும். நீண்ட பருக்கள் உள்ள ரப்பரில் தடுத்து ஆடும் எதிராளியைச் சந்தித்தவர்களுக்கு இந்த உணர்வு தெரியும். அப்படிப்பட்டவரோடு ஆடத் தயாராக வேண்டுமென்றால் இந்தப் பலகை நல்ல துணை. சாதாரண எதிராளிக்குத் தயாராக உதவாது.

அதற்குத்தான் ரப்பர் ஒட்டிய திருப்பிப் பலகை. பிடிப்புள்ள ரப்பர் பந்தைப் பிடித்து எதிர்ப்பக்கம் சுற்றிவிடும். எனவே டாப்ஸ்பின் டாப்ஸ்பின்னாகவே திரும்பும், பேக்ஸ்பின் பேக்ஸ்பின்னாகவே திரும்பும். இதை மேசையின் மறுகோடியில் வைப்பதால் நேரமும் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். சாய்வைச் சரிசெய்வதுதான் இதில் வித்தை. டாப்ஸ்பின் அடிகளுக்குப் பலகையின் முகம் வலைப்பக்கம் கவிழ்ந்து தரையைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பந்து கூரைக்குப் போகும். புஷ் (பேக்ஸ்பின்னோடு மெல்லத் தள்ளும் அடி) பழகும்போது முகத்தைப் பின்னால் சாய்த்து மேலே பார்க்க வையுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பத்து அடி தொடர்ந்து வரும் கோணத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் ரப்பரை ஈரத்துணியால் துடைத்து மூடிவையுங்கள். தூசி படிந்தால் அது வழவழப் பலகையாகிவிடும், மேலே சொன்ன கதை தொடங்கிவிடும்.

இந்தப் பலகையின் நல்ல குணம், உங்கள் தவறை உடனே காட்டிக்கொடுப்பது. ஒரே சீராக அடித்தால்தான் ஒரே சீராகத் திரும்பும். நான் இதோடு பதினைந்து நிமிடம் புஷ் மட்டும் போட்டுவிட்டுச் சனிக்கிழமை ஆடும்போது, குட்டைப் பந்துகளில் கை பதறுவதே இல்லை.

படி 7: ரோபோ

விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி இரண்டாயிரத்தையும் தாண்டும். வாங்கும் முன் தெரிய வேண்டியது சக்கரங்களின் எண்ணிக்கை. ஒரு சக்கரம் உள்ளதில் வேகமும் சுழலும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. வேகத்தைக் கூட்டினால் சுழலும் கூடும், சுழலே இல்லாத பந்தைத் தரவே முடியாது. சுழலின் திசையை மாற்றத் தலையைக் கையால் திருப்ப வேண்டும். இரண்டு அல்லது மூன்று சக்கரம் உள்ளவற்றில் வேகத்தையும் சுழலையும் தனித்தனியே மாற்றலாம், ஒரு பந்து டாப்ஸ்பின் அடுத்தது பேக்ஸ்பின் என்று கலக்கவும் முடியும். தொடங்குபவருக்கு ஒரு சக்கரமே போதும். பழைய பொருள்களை வாங்கி விற்கும் கெரோசல் செயலியில் பழைய ரோபோக்கள் அடிக்கடி வருகின்றன. நேரில் போய், 50 பந்து ஓடவிட்டு, சிக்காமல் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் அது நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் மூன்று முள் செருகிக்கும் ஒத்துவருமா என்று பாருங்கள்.

ரோபோ எதைத் தராது? அதற்குக் கையில்லை. எதிராளி மட்டையை எடுப்பதைப் பார்த்தே நம் உடல் சற்று முன்னதாகத் தயாராகிறது. ரோபோவில் ஒரு துளையிலிருந்து பந்து வந்துவிழும், அவ்வளவுதான். தாளமும் மாறாது. சிறிது நேரத்தில் உடல் பந்தைப் பார்க்காமல் தாளத்துக்கு ஆடத் தொடங்கிவிடும். இந்த இரண்டையும் ஈடுகட்டும் விதமாகத்தான் பயிற்சியை அமைக்க வேண்டும்.

வேகத்தை நிமிடத்துக்கு 30 பந்தில் தொடங்குங்கள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். 60, 70 என்று வைத்துக்கொண்டு, ஒரு அடியிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்து, கை மட்டும் வீசும் பழக்கத்தை வளர்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மட்டை நெஞ்சுக்கு முன்னால் திரும்பி, கால்கள் ஒரு சின்னத் துள்ளலோடு நிலைகொள்ள நேரம் வேண்டும். அது கிடைக்கும் வேகமே சரியான வேகம்.

ரோபோவை எப்போதும் நடுவில் வைக்காதீர்கள். எதிராளியின் பேக்ஹேண்ட் மூலையில் வைத்துக் குறுக்கே அனுப்புங்கள், அங்கிருந்து நிறையப் பந்துகள் வரும். 

நான் செய்யும் வரிசை இது. முதலில் லேசான டாப்ஸ்பின், ஃபோர்ஹேண்டுக்கு, இரண்டு நிமிடம், பாதி பலத்தில். அப்புறம் பேக்ஹேண்டுக்கு அதே மாதிரி. பிறகு பேக்ஸ்பின் பந்தை டாப்ஸ்பின்னாகத் தூக்குவது. இதைத்தான் அதிகம் செய்கிறேன், ஏனென்றால் நம் போன்றவர்களின் ஆட்டத்தில் வரும் மூன்றாவது பந்து பெரும்பாலும் புஷ் செய்யப்பட்ட பேக்ஸ்பின். முழங்காலை மடக்கி, மட்டையைத் தொடைக்கு அருகிலிருந்து எடுத்து, பந்தின் பின்முகத்தை மேல்நோக்கி உரச வேண்டும். இங்கே வேகத்தை நிமிடத்துக்கு 15 அல்லது 20க்குக் குறையுங்கள். பந்து வருவதற்கு முன்னால் ஒரு நிழல் சர்வ் போட்டு, அதிலிருந்து மீண்டு வந்து அந்தப் பந்தைத் தூக்குங்கள். அப்போது தாளமும் உடையும், படி 4இல் பழகிய சர்வும் இதோடு சேரும்.

கடைசிப் பத்து நிமிடம், தலை தானாக அங்குமிங்கும் திரும்பும் வசதி இருந்தால் அதைப் போட்டு, எங்கே வரும் என்று தெரியாத பந்துகளை எதிர்கொள்ளுங்கள். தவறுவீர்கள், பரவாயில்லை. இந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியது கால்கள் முதலில் நகர்ந்தனவா என்பதை மட்டும்தான்.

வெடித்த பந்தும் நசுங்கிய பந்தும் ரோபோவின் கழுத்தில் சிக்கும். கூடையில் போடும்முன் கையால் ஒருமுறை அளைந்து பாருங்கள். பின்னால் பிடிவலை இல்லையென்றால், பக்கத்து மேசைக்காரர்களின் காலடிக்குப் பந்து உருளும். மிதித்தால் அவர் விழுவார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பொறுக்குங்கள், அதுவே உங்களுக்கு ஓய்வும் ஆகும்.

படி 8: உடம்பு, நேரம்

தனிப் பயிற்சியில் ஒரே அடியை நூறு முறை அடிக்கிறோம். நண்பரோடு ஆடும்போது இயல்பாகக் கிடைக்கும் இடைவெளிகள் இதில் இல்லை. தோளும் முழங்கையும்தான் முதலில் பேசும். வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். ரப்பர் அடி உள்ள உள்ளரங்கக் காலணி போடுங்கள், வியர்வை சொட்டிய தரையைத் துடைத்துவிட்டு ஆடுங்கள்.

45 நிமிடம் எனக்குப் போதும். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கவும் நிழல் அடிக்கும், பதினைந்து நிமிடம் சர்வுக்கு, இருபது நிமிடம் ரோபோவுக்கு அல்லது பலகைக்கு, கடைசி ஐந்து நிமிடம் மறுபடியும் சர்வுக்கு. களைத்த கையோடு போடும் சர்வ்தான் ஆட்டத்தில் பத்துக்குப் பத்து என்று நிற்கும்போது நீங்கள் போடப்போகும் சர்வ். ரோபோ இல்லாதவர்கள் அந்த இருபது நிமிடத்தில் பந்தைத் தாங்களே மேசையில் குத்தவிட்டு, எழும்போது லூப் அடித்து மூலைத் தாளைக் குறிவைக்கலாம். 40 பந்து உள்ள ஒரு வாளி போதும்.

படி 9: சனிக்கிழமைக்குக் கொண்டுபோவது

பழகியதை ஆளோடு சோதிக்காவிட்டால் கருவி காட்டியதைத்தான் நம்பிக்கொண்டிருப்போம். நண்பர் வந்ததும் முதல் ஆட்டத்திலேயே, "மச்சான், இந்த ஒரு ஆட்டம் நான் புது சர்வ்தான் போடுவேன், தோத்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுங்கள். எந்த சர்வை அவர் நிதானமாகத் திருப்பினார், எதில் மட்டையின் கோணம் தடுமாறியது என்று கவனியுங்கள். ஆட்டம் முடிந்ததும் தேத்தாரிக் குடிக்கும்போது அவரிடமே கேளுங்கள், எது பேக்ஸ்பின், எது சுழலில்லாதது என்று முன்கூட்டியே தெரிந்ததா என்று. தெரிந்தது என்றால் எதை வைத்துத் தெரிந்தது என்றும் கேளுங்கள். என் நண்பர் ஒருமுறை, "சுழல் போடும்போது நீ உதட்டைக் கடிக்கிறே" என்றார். எந்த ரோபோவும் அதைச் சொல்லியிருக்காது.

நீங்கள் தவறவிட்ட மூன்று பந்துகளைப் போனில் குறித்துவையுங்கள். ஃபோர்ஹேண்ட் பக்கம் விழுந்த குட்டைப் பந்தா, உடம்பை நோக்கி வந்த வேகப் பந்தா, தூக்க முடியாத கனமான பேக்ஸ்பின்னா? அடுத்து மேசை கிடைக்கும் நாளில் முதல் வாளிப் பந்து அந்த அடிக்குத்தான்.